சுவிட்ச் மட்டும்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'பத்திரம்'. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. எதைக் கேட்டாலும் "பத்திரமா இருக்கு" என்று சொல்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வீட்டுச் சாவிக்கு நான்கு நகல். கைப்பையில் ஒரு குடை, அது தொலைந்தால் எடுப்பதற்கு அலுவலக மேசைக்குள் இன்னொரு குடை. போன மாதம் மழை கொட்டிய நாளில் இரண்டையும் மறந்துவிட்டுச் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தார் என்பதை அவர் மனைவி இன்னும் யாரிடமாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

வேலை ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிப் பிரிவில். கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கிற, கம்பி மாட்டுகிற சுவிட்சுகள் அங்கே அலமாரி அலமாரியாக இருக்கும். அவற்றைத் துடைக்கலாம், தட்டலாம், கோபம் வந்தால் நாலு வார்த்தை திட்டலாம். பத்திரத்தின் பொறுப்பில் இருந்தது வேறு வகை. சர்வர்களுக்குள்ளே வெறும் மென்பொருளாக இருக்கிற ஒரு சுவிட்ச்; கையால் தொட முடியாது, திரையில் பார்க்கலாம், அவ்வளவுதான். அதற்குள் கணினிகளைப் பிரித்து வைக்கிற முப்பத்தெட்டு குரூப்புகள். ரத்த வங்கிக்கு ஒன்று, எக்ஸ்ரேக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, பிணவறைக்குக்கூட ஒன்று. ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு பெயர், ஓர் எண். எண் மாறினால் ரத்த வங்கியின் கணினி போய்ச் சமையலறையோடு பேசிக்கொண்டிருக்கும்.

இந்த அமைப்பு மொத்தத்தையும் ஒரே கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் கோப்பிலிருந்து எல்லாவற்றையும் பழையபடி கொண்டுவந்துவிடலாம். அதைத்தான் பேக்கப் என்கிறார்கள். நாலு வருடத்துக்கு முன் பத்திரம் இதற்கென்று ஒரு சின்ன நிரல் எழுதினார். அது நாள் தவறாமல் ஒரு கோப்பை எடுத்து, தேதி போட்டு, இரண்டு இடங்களில் வைத்தது. காலையில் வந்ததும் அன்றைய கோப்பு வந்துவிட்டதா என்று பார்ப்பார். வந்திருக்கும். அதற்கப்புறம்தான் டீ. இதுவரை ஆயிரத்து நானூற்று அறுபத்தோரு கோப்புகள். எண்ணிக்கையை யாரும் கேட்காமலே சொல்லுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்ததிலிருந்தே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய சர்வர்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை வைக்கிற நாள். காலை பத்து மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றுக்குள் முடிக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் வார்டுகள் காகிதத்தில் எழுதிச் சமாளித்துக்கொள்ளும். அடுப்பை அணைத்தாயிற்றா என்று மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் அணைந்துதான் இருந்தது.

மனைவி அதே மருத்துவமனையில் ரத்த வங்கியில் டெக்னீஷியன். காலை ஷிப்டுக்காக வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்.

"அவ அனுப்பினத கேட்டீங்களா?"

"எவ?"

"ஏங்க, நமக்கு எத்தனை பொண்ணு இருக்கு?"

மகள் வெளியூரில் விடுதியில் தங்கிக் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வருடம். எழுதி அனுப்புகிற வழக்கமே அவளுக்குக் கிடையாது, எதுவானாலும் பேசித்தான் அனுப்புவாள். அம்மாவுக்குத் தினமும், அப்பாவுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு. பத்திரம் அவற்றையெல்லாம் நிம்மதியாக உட்கார்ந்து கேட்கலாம் என்று வைத்திருந்தார். அந்த நிம்மதி வருகிற வழியாக இல்லை. ஆனால் பதில் மட்டும் உடனே போய்விடும்: ஒரு கட்டைவிரல் படம்.

"கேக்கறேன். பதில் போட்டுட்டேனே."

"என்ன பதில்?"

"கட்டைவிரல்."

"கட்டைவிரல்!" மனைவி எழுந்து நின்றாள். "மூணு வாரம் ஆச்சு. என்னமோ கேட்டிருக்கா உங்ககிட்ட. என்னன்னு என்கிட்ட வாயத் திறக்க மாட்டேங்கறா. அப்பாகிட்ட கேட்டிருக்கேன், அப்பா சொல்லட்டும்ங்கறா. குரலே சரியில்லங்க. இன்னிக்காவது கேளுங்க."

"பத்திரமா இருக்கு. எங்க போயிடப் போகுது? இந்த வேலை முடியட்டும்."

"எடுத்து எடுத்து வெக்கிறீங்க. ஒரு நாளாவது திறந்து பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் படியிறங்கிப் போனாள். அவர் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

சர்வர் அறைக் குளிரில் பல் கிட்டியது. வெளி நிறுவனத்திலிருந்து வந்திருந்த இன்ஜினியர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு தயாராக நின்றான். முப்பது வயதுக்காரன், கைவேகம் அதிகம். பத்தரை மணிக்குள் மருத்துவமனையின் கணினிகளெல்லாம் புதிய சர்வர்களுக்கு மாறி முடிந்திருந்தன. மிச்சம் அந்த சுவிட்ச்தான். பழையதை அழித்துவிட்டுப் புதிய இடத்தில் கோப்பிலிருந்து கொண்டுவர வேண்டும்.

"பேக்கப் இருக்குல்ல சார்?"

"பத்திரமா இருக்கு."

"அப்ப அழிச்சிடட்டுமா?"

"அழிங்க" என்றார் பத்திரம். அந்த வார்த்தையைச் சொன்னது அவர் வாய்தான். பின்னாளில் இதை யார் விசாரித்தபோதும் அவர் மறைக்கவில்லை.

இன்ஜினியர் அழித்தான். பழைய சர்வர்களின் வட்டுகளையும் சேர்த்துத் துடைத்தான். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. பத்திரம் தன் நாற்காலியில் உட்கார்ந்து, அன்று காலை வந்த கோப்பைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினார். பச்சைக் கோடு நகர்ந்தது. முடிந்தது. 'வெற்றி' என்று திரை சொன்னது. சுவிட்சின் பெயர் வந்தது. அதன் நான்கு இணைப்புகள் வந்தன. அவற்றுக்குக் கீழே முப்பத்தெட்டு குரூப்புகள் வரிசையாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

கொஞ்சம் காத்திருந்தார். பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தார். வெள்ளைதான்.

"முந்தின நாள் கோப்பு போடுங்க சார்" என்றான் இன்ஜினியர். போட்டார். வெற்றி, வெள்ளை. போன வாரத்துக் கோப்பு, போன வருடத்துக் கோப்பு. ஒவ்வொன்றுக்கும் திரை வெற்றி என்று சொல்லி அவரைக் கேலி செய்தது. கடைசியில் கோப்புகளின் பட்டியலைத் திறந்து அளவைப் பார்த்தார். நாலு வருடத்துக்கு முன்னாலும் அதே அளவு, இன்றைக்கும் அதே அளவு. இடையில் முப்பத்தெட்டு குரூப் சேர்ந்திருக்கிறது, கோப்பு மட்டும் ஓர் இம்மிகூடப் பெருகவில்லை. இதை ஆயிரத்து நானூற்று அறுபத்தோரு காலைகளில் அவர் கண் பார்த்திருக்கிறது. டீ குடிக்கப் போயிருக்கிறது.

நிரலைத் திறந்தார். கோப்பு எடுக்கும்போது இரண்டு விருப்பங்கள் உண்டு: 'சுவிட்சும் எல்லா குரூப்புகளும்' என்பது ஒன்று, 'சுவிட்ச் மட்டும்' என்பது இன்னொன்று. அவர் எழுதியிருந்தது இரண்டாவது. அன்றைக்கு அது தப்பில்லை; அந்த முதல் நாளில் சுவிட்ச் மட்டும்தான் இருந்தது, ஒரு குரூப்கூடப் பிறந்திருக்கவில்லை. அதற்கப்புறம் அவர் அந்த வரியைப் பார்க்கவே இல்லை.

"சார், ஆயிரத்து நானூறு பேக்கப் இருக்குன்னீங்களே?"

"ஆயிரத்து நானூத்தி அறுபத்தொண்ணு."

"அதுல ஒண்ணுலகூடவா..."

"ஒண்ணுலகூட" என்றார்.

மேனேஜர் மேடத்துக்குப் போன் செய்தார். மென்று விழுங்காமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, "மேடம், கோப்பு இருக்கு. ஆனா உள்ள ஒண்ணும் இல்ல" என்றார்.

"இருக்கு, ஆனா இல்லன்னா என்ன அர்த்தம்?"

அர்த்தத்தைச் சொன்னார். மேடம் திட்டவில்லை, அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது. "பன்னெண்டு மணிக்கு ஒரு பெரிய ஆபரேஷன் இருக்கு. அதுக்குள்ள ரத்த வங்கி வந்தாகணும். மத்தத அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

கணினிகள் எல்லாம் உயிரோடுதான் இருந்தன. எதுவும் எதோடும் சேரவில்லை. குரூப்புகளைக் கையால் உருவாக்கிவிடலாம், ஒன்றுக்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் எண் தெரிய வேண்டுமே? ஐந்தாறு எண்கள் நினைவில் இருந்தன. மீதியைக் கோப்பு வைத்துக்கொள்ளும் என்றுதான் அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அறையில் மூன்று தடவை குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். நான்காவது தடவை அவர் கால் நின்றது.

ஸ்டிக்கர்!

அந்த மருத்துவமனையில் ஒவ்வொரு கணினியின் நெற்றியிலும் அதன் முகவரியை எழுதி ஒட்டியிருப்பார்கள். புள்ளி வைத்துப் பிரித்த நாலு எண்கள். மூன்றாவது எண்ணும் குரூப்பின் எண்ணும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது அங்கே ஆரம்பத்திலிருந்து இருந்த ஏற்பாடு. ஒட்டச் சொன்னது யார் என்றால், அவர் மனைவி. வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்து "உன் கம்ப்யூட்டர் முகவரி என்ன" என்று இவர் உயிரை எடுத்ததில் வெறுத்துப்போய், "எழுதி ஒட்டித் தொலைங்களேன்" என்று சொன்னதுதான் விதியாக மாறியது. நல்ல வேளையாக இன்டர்காம் பழைய காலத்துச் சாதனம், தனிக் கம்பியில் ஓடியது. முதலில் ரத்த வங்கிக்குத்தான் அடித்தார்.

"இங்க ஒண்ணும் திறக்கல. என்ன நடக்குது அங்க?" என்றாள் மனைவி.

"கம்ப்யூட்டர் மேல ஸ்டிக்கர் இருக்கும் பாரு. படி."

"பத்திரமா இருக்குன்னீங்களே?"

"இல்ல. ரெண்டு விதமா எடுக்கலாம். நான் சின்னத எடுத்துட்டேன். வெறும் கூடுதான் இருக்கு, உள்ள ஒண்ணும்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பதினாறு நாளைக்கு முன் அவர் புதுப் போன் வாங்கியிருந்தார். பழையதைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். கொடுப்பதற்கு முன், மகளோடு நடந்த பேச்சு முழுவதையும் ஒரு கோப்பாக எடுத்து வைத்தார். அப்போதும் போன் இரண்டு விதமாகக் கேட்டது: குரல் பதிவுகளுடனா, குரல் பதிவுகள் இல்லாமலா? குரலோடு என்றால் நாற்பது நிமிடம் ஆகும் சார் என்றார் கடைக்காரர். கடையில் கூட்டம். பத்திரத்தின் விரல் எதைத் தொட்டது?

"ஏங்க? இருக்கீங்களா? படிக்கிறேன், எழுதிக்குங்க. பத்து, இருபது, நூத்தி நாப்பத்திரண்டு, அஞ்சு."

"நூத்தி நாப்பத்திரண்டு" என்று திருப்பிச் சொன்னார். எண்ணை இரண்டு தடவை தப்பாக அடித்தார்.

பதினொன்றடித்துப் பத்து நிமிடத்தில் ரத்த வங்கி வந்துவிட்டது. பன்னிரண்டு மணி ஆபரேஷனுக்கு வேண்டியதெல்லாம் நேரத்துக்குப் போனது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மற்ற நாளாக இருந்தால் பத்திரம் அப்படியே நாற்காலியில் சாய்ந்திருப்பார். இன்றைக்கு அவர் பையில் போன் இருந்தது. எடுத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பார்க்கத் தைரியம் வரவில்லை. இன்னும் முப்பத்தேழு குரூப் இருக்கிறதே என்று ஒரு சாக்கு இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் அவர் வார்டு வார்டாகப் போன் அடித்தார். கண் வார்டு நர்ஸ் மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று ஐந்து நிமிடம் தேடினாள். குழந்தைகள் வார்டில் யாரோ ஒரு வாண்டு ஸ்டிக்கரின் மேல் கரடி பொம்மைப் படம் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் படித்தார்கள். பிணவறைக் காவலாளி ரொம்ப நிதானமாகப் பேசினார்.

"அவசரப்படாம எழுதுங்க சார். இங்க யாரும் அவசரத்துல இல்ல."

இன்ஜினியர் வாய்விட்டுச் சிரித்தான். பத்திரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு எண்ணை எழுதும்போதும் கடைக்காரரின் முகமும் அந்த இரண்டு வரிகளும் கண்முன் வந்து நின்றன. குரலோடு எடுத்திருப்போம், அவ்வளவு முட்டாளா நாம் என்று ஒரு நிமிடம் தோன்றும். அடுத்த நிமிடமே, நாற்பது நிமிடம் அந்தக் கடையில் நின்றதாக நினைவே இல்லையே என்று தோன்றும். காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். "சார், மேசை ஆடுது" என்று இன்ஜினியர் இரண்டு தடவை சொன்னான்.

கடைசியாக மிஞ்சியது பழைய ஆவணங்கள் வைத்திருக்கிற அறை. ஞாயிற்றுக்கிழமை, பூட்டு. பத்திரத்தின் முகத்தில் அன்றைக்கு முதன்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அந்த அறைச் சாவிக்கு அவரிடம் நகல் இருந்தது. மூன்று வருடமாக மேசைக்குள் உறைபோட்டு, பெயர் எழுதி வைத்திருந்தார். எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினார். சாவி பூட்டுக்குள் போனது. திரும்பவில்லை. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அதைப் போட்டுப் பார்த்ததில்லை. மாடிக் காவலாளி வந்து தன் சாவியால் திறந்துவிட்டார்.

ஒன்றரை மணிக்கு முப்பத்தெட்டும் வந்துவிட்டன. நிரலில் அந்த வரியைத் திருத்தி ஒரு கோப்பு எடுத்தார். எடுத்ததைத் தனியாக ஓரிடத்தில் திறந்து, விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு முப்பத்தெட்டையும் எண்ணினார். இருந்தன. இன்ஜினியர் ரொட்டியும் டீயும் வாங்கி வரப் போனான்.

இனி சாக்கு இல்லை. பத்திரம் போனை எடுத்து, மகள் பெயரிட்ட கோப்பைத் திறந்தார். தேதி, நேரம், பக்கத்தில் 'குரல் பதிவு சேர்க்கப்படவில்லை'. அடுத்த தேதி, அடுத்த நேரம், 'குரல் பதிவு சேர்க்கப்படவில்லை'. அறுபத்து மூன்று வரிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே அவருடைய கட்டைவிரல் மட்டும் அழகாக, ஒன்றுகூடத் தவறாமல் இருந்தது. பிறகு, இந்தப் புதுப் போனுக்கு வந்த செய்திகளைப் பார்த்தார். மகள் பெயருக்கு நேரே எதுவுமே இல்லை. பதினாறு நாளாக அவள் ஒன்றும் அனுப்பவில்லை. அதையும் இப்போதுதான் கவனித்தார்.

ஸ்டிக்கர் ஒட்டி வைக்காத இடம் இது. கேட்க வேண்டுமானால் அவளிடம்தான் கேட்க வேண்டும். அழைத்தார். ஐந்து தடவை மணி அடித்தபின் எடுத்தாள்.

"அப்பா? என்னப்பா, போன்லாம் பண்றீங்க?"

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"நீ அனுப்பினது எதுவுமே என்கிட்ட இல்லம்மா. போன் மாத்தும்போது... தேதி மட்டும்தான் இருக்கு."

"பத்திரமா வெச்சிருக்கேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"சரி, போகுது. கடைசில அனுப்பினத கேட்டீங்கல்ல?"

கேட்டேன் என்று சொல்லிவிடலாம். காலையில் என்றால் சொல்லியிருப்பார். "இல்லம்மா" என்றார். "ஒண்ணுகூட முழுசா கேக்கல."

"தெரியும்பா." அவள் குரலில் கோபம் இல்லை. "பதினோரு நிமிஷம் பேசி அனுப்பினேன். அஞ்சு செகண்டுல கட்டைவிரல் வந்துச்சு."

"என்ன கேட்டிருந்த?"

"படிப்ப விட்டுடட்டுமான்னு கேட்டிருந்தேன். முடியலப்பா. ஏன் முடியலன்னு எல்லாத்தையும் சொல்லியிருந்தேன். வேணாம்னு சொல்லுவீங்க, இல்ல, ஏன்டின்னு கத்தவாவது கத்துவீங்கன்னு இருந்தேன். கட்டைவிரல் வந்துச்சு. நீங்க கேக்கலன்னு தெரியும். ஆனாலும் அப்பாவே சரின்னுட்டாருன்னு வெச்சுக்கிட்டேன். அது சுலபமா இருந்துச்சு. வியாழக்கிழமை லெட்டர் குடுத்துட்டேன்."

"அந்த லெட்டருக்கு காப்பி..." என்று வாய் ஆரம்பித்துவிட்டது. கடித்து நிறுத்தினார். சர்வர்களின் இரைச்சல் காதை அடைத்தது. நாற்காலியை விட்டு எழுந்து, அறைக்கு வெளியே தாழ்வாரத்துக்கு வந்து, சுவரோரமாகத் தரையிலேயே உட்கார்ந்தார்.

"முதல்லேர்ந்து சொல்லும்மா. பதினோரு நிமிஷமும் சொல்லு."

"அதே மாதிரி வராதுப்பா. அன்னிக்கு அழுதுக்கிட்டே பேசினேன். இப்ப அழுகையே வரல."

"வராட்டிப் போகுது. இப்ப எப்படி வருதோ அப்படிச் சொல்லு."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று அவள் தனக்குள் முனகினாள். போன் திரையின் ஓரத்தில், பேச்சைப் பதிவு செய்துகொள்கிற சிவப்புப் பொத்தான் இருந்தது. பத்திரத்தின் விரல் பழக்கத்தில் அங்கே போனது. விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, போனைக் காதோடு சேர்த்து வைத்து, மகள் சொல்வதைக் கேட்க ஆரம்பித்தார்.